முகாமில் இரண்டு பந்தி

நீங்கள் களக்குழுவில் சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். கணவருக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. மகனையும் அங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. “புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போ” என்று மேடம் சொன்னார். மேடம் என்று நான் சொல்வது நம் ஆய்வின் தலைவரை. பெயர் போட்டால் திட்டுவார்.

ரத்தம் எடுப்பது, குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துவது, குளிர்பெட்டியை அடுக்குவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி, பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். சொன்னதையே இரண்டு தடவை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாம் எதைத் தேடுகிறோம் என்பதை, ஊர்க்காரர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லிவிடுகிறேன். நம் மரபணு அப்பா அம்மா கொடுத்தது. நாம் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதிலிருந்து ஒரு வேலைக்கான உத்தரவு கிளம்பும்போது ஆர்.என்.ஏ. என்ற நகலாகக் கிளம்புகிறது. அந்த நகலின் மேல் ஆங்காங்கே மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டப்படுகிறது. குறி இருக்கும் இடத்தைப் பொறுத்து அந்த உத்தரவு உடனே படிக்கப்படலாம், கிடப்பில் போடப்படலாம், கிழித்தும் எறியப்படலாம். குறியை ஒட்டுகிற புரதங்களும் உண்டு, பிய்த்தெடுக்கிற புரதங்களும் உண்டு. உடல் பருமனோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு மரபணுவுக்கு அந்தப் பிய்த்தெடுக்கிற வேலைதான். பருத்த உடம்பிலும் சர்க்கரை நோய் வந்த உடம்பிலும் இந்தக் குறிகள் எப்படி வேறுபடுகின்றன, சாப்பிட்டபின் எப்படி மாறுகின்றன என்பதே நம் கேள்வி. அதற்காகத்தான் வெறும் வயிற்றில் ஒரு தடவையும் காலை உணவுக்குப் பின் ஒரு தடவையும் ரத்தம் எடுக்கிறோம்.

அந்தக் காலை உணவில்தான் வினை வந்தது.

நான் சேர்வதற்கு முன்பிருந்தே முகாமில் இரண்டு பந்தி இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் கோதுமை ரவை உப்புமா. எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்குப் பொங்கல், வடை. நோயாளிக்குப் பொங்கலைக் கொடுத்துக் கெடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். எங்கள் எல்லோருக்கும் அது அக்கறையாகவே பட்டது. உப்புமாவுக்குக் கூட்டம் குறைவாக இருப்பதைப் பார்த்து நாங்கள் வருத்தப்பட்டதுகூட இல்லை. உப்புமாவை யார்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள்?

செந்துறைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். சமுதாயக் கூடத்தில் முகாம். தேன்மொழி என்ற பெண் வந்திருந்தாள். (ஆட்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அந்த ஊர் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று சுற்றுவட்டாரமே அவளிடம்தான் வரும். கொஞ்சம் பருத்த உடம்பு. சர்க்கரை இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. எடை கூடியவர் என்ற பிரிவில் அவளைச் சேர்த்தோம். விதிப்படி உப்புமாத் தட்டு அவள் கைக்குப் போனது. அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா அஞ்சலை, பெரம்பலூரில் நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். செந்துறையிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“எம் பொண்ணுக்குச் சுகர்னு ஊரு பூரா பேசுதும்மா. நீங்கதான் சொன்னீங்களாம்.”

“நாங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க. இன்னும் ரிசல்ட்டே வரல.”

“வாயால சொன்னாத்தான் சொன்னதா? கோதும உப்புமாவ கையில குடுத்து உக்கார வெச்சீங்கள்ல? அது போதாதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாருடைய நோயையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். பெயரை மறைத்துக் குழாயில் எண் ஒட்டுகிறோம். அப்புறம் ஊர் நடுவில் உட்கார வைத்து, யாருக்கு என்ன நோய் என்று தட்டில் வைத்துக் காட்டுகிறோம்.

அஞ்சலை சொன்ன மீதிக் கதை இது. தேன்மொழிக்கு ஆண்டிமடம் பக்கத்தில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை சதீஷ், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுபவர். வீட்டுக்கு முந்திரித் தோப்பு உண்டு. பெண் பார்த்து, இரு பக்கமும் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. சதீஷின் சித்தி கமலா, தேன்மொழியின் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவரும் முகாமுக்கு வந்திருந்தார். தட்டைப் பார்த்தார். சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

“சுகர் இல்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. சீல் வெச்சிக் குடு. நான் கொண்டுபோய் அந்தம்மா மூஞ்சியில காட்டிடறேன்.”

“அப்படியெல்லாம் தர முடியாதுங்க.”

“ஏன் முடியாது? எம் பொண்ணு ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் எடுத்துக் குடுக்குது. அதுக்கு ஒண்ணு எழுதித் தர ஒங்களுக்குக் கை வலிக்குதா?”

அவர் என் அருகே வந்து குரலைத் தணித்தார்.

“சரி, லெட்டர் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கமலாவுக்குச் சுகர் இருக்கா, இல்லயா? அவ பொங்கலும் வடையும் தின்னத நான் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆனா செந்துறை ஆஸ்பத்திரியில மாத்திர வாங்குறான்னு ஒரு பேச்சு இருக்கு. நீ சொல்லக்கூட வேணாம். தலைய ஆட்டு, போதும்.”

எனக்குத் தெரியும். விவரம் கேட்டு எழுதியதே நான்தான். ஒரு தலையசைப்பில் அந்தச் சித்தியின் வாயை அடைத்திருக்கலாம். அஞ்சலையின் கண்ணீரும் நின்றிருக்கும். நியாயம்கூட அந்தப் பக்கம்தான் இருப்பதாக அப்போது தோன்றியது. கழுத்து தானாக அசைந்துவிடுமோ என்று பயந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யாரப் பத்தியும் சொல்ல மாட்டேங்க. ஒங்க பொண்ணப் பத்தி வேற யாராவது வந்து கேட்டாலும் இப்படித்தான் நிப்பேன்.”

“ஒனக்குப் பொம்பளப் புள்ள இல்லல்ல? அதான்” என்றார்.

அது சுட்டது. இருந்தாலும் ஒரு வாக்குக் கொடுத்தேன். “தேன்மொழியோட சுகர் ரிப்போர்ட் வந்ததும் அவ கையிலயே கொண்டாந்து குடுக்கறேன். அது அவளோடது. யார்கிட்ட காட்டறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும்.” ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். சின்னப் பெண், துறுதுறுவென்று இருப்பவள், அவளுக்கு என்ன வரப்போகிறது?

அவர் போன பிறகு கமலா பொங்கல் சாப்பிட்டது மனதை அரித்தது. அவர் சர்க்கரைப் பிரிவு. உப்புமாதானே சாப்பிட்டிருக்க வேண்டும்? நமக்குச் சிற்றுண்டி கொண்டுவரும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, முகாம்ல உப்புமா மீந்துச்சா?”

“மீந்துச்சாவா? தங்கச்சி, அத யாரு தொட்டா? ஒவ்வொரு ஊர்லயும் அண்டா அப்படியேதான் திரும்புது. பொங்கல்தான் பத்தாமப் போவுது. நீங்க பன உசரத்துல இருக்கீங்க, கண்டுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவருடைய கேலியை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள், உப்புமாத் தட்டோடு ஊர் முன்னால் உட்கார மனமில்லாமல், சத்தமில்லாமல் பொங்கல் பந்திக்கு நகர்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் உணவுக்குப் பின் நாம் எடுத்த இரண்டாவது குழாய் ரத்தத்தில், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்றே நமக்குத் தெரியாது. சாப்பாட்டால் குறி மாறியதா, நோயால் மாறியதா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: எல்லோரும் விதிப்படி சாப்பிட்டிருந்தாலும், நோயாளிக்கு ஓர் உணவு, மற்றவருக்கு வேறு உணவு என்று கொடுத்துவிட்டு இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? இத்தனை படித்தவர்கள் இருந்தோம். கருணை கண்ணை மறைத்துவிட்டது.

அன்று மாலையே மேடத்திடம் சொன்னேன். சொல்வதற்கு முன் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன், மறுபடி போனேன். ஆய்வறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டாவது குழாய் எல்லாத்தையும் ஒதுக்கி வை. கணக்குல சேக்காத.”

“மேடம், அத்தனையுமா?”

“இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு பிரிக்க உன்னால முடியுமா? என்னால முடியாது. இனிமே எல்லாருக்கும் ஒரே இட்லி, ஒரே அளவு. விவரம் கேக்கற இடத்துக்கு ஒரு மறைப்பு கட்டு. அறிக்கைக்கு நான் அவகாசம் கேட்டுக்கறேன்.”

அதிகம் பேசுகிறவர் அல்ல. எழுந்து வரும்போது, “அந்தப் பொண்ணோட ரிசல்ட் வந்துடுச்சு, பாத்தியா?” என்றார்.

பார்த்தேன். சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவு இல்லை. இல்லை என்று சொல்லிவிடும் அளவும் இல்லை. வெறும் வயிற்று அளவும் மூன்று மாதச் சராசரியும் எல்லைக்கோட்டில் நின்றன.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாமா? ரிப்போர்ட் தாமதம் என்று ஒரு மாதம் தள்ளினால் யாருக்கு என்ன நட்டம்? மகன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை வந்தது. அப்போது ஒரு டாக்டர் பூசி மெழுகாமல் நேராகச் சொன்னதால்தான் அவன் குண்டுக் கன்னத்தோடு இன்று ஓடித் திரிகிறான். அதையும் நினைத்துப் பார்த்தேன். மறுநாள் மேடத்திடம், “சொல்லிடவா?” என்று கேட்டேன்.

“அவ உடம்பு, அவ கல்யாணம். நீ ரெண்டையும் தூக்கித் தலையில வெச்சிக்காத. உண்மைய அவகிட்ட குடு. கூடவே அடுத்து என்ன பண்ணலாம்னும் குடு. ஒண்ண மட்டும் குடுத்துட்டு ஓடி வந்துடாத.”

இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மதிய நேரத்தில் இ-சேவை மையத்தில் ஆள் இருக்காது என்று தேன்மொழி வரச் சொல்லியிருந்தாள். கதவை ஒருக்களித்து வைத்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தாள்களைப் படிக்கத் தெரியும். அளவுகோல்களை நான் விளக்குவதற்குள் முகம் மாறிவிட்டது.

“அப்ப நீங்க சரியான ஆளுக்குத்தான் உப்புமா குடுத்திருக்கீங்கக்கா” என்றாள்.

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. “இது நோய் இல்லம்மா. எல்லையில நிக்குது” என்றேன்.

“அந்த ஆர்.என்.ஏ.ன்னு ஏதோ சொன்னீங்களே, அதுலயாவது நல்ல சேதி இருக்கா?”

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். கவனமாக இருங்கள். ஆசை காட்டுவது மிகவும் எளிது. “அது இன்னும் தனி ஆளுக்கு ஜோசியம் சொல்ற அளவுக்கு வரலம்மா” என்றேன். “ஆயிரம் பேரப் பாத்து, பொதுவா என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் இப்ப ஆகும். ஒனக்கு இது வரும், வராதுன்னு அத வெச்சி நான் சொன்னா பொய்.”

“அப்ப எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்தே தீரும். அதான?”

“அதுவும் பொய். அப்பா குடுத்த மரபணு மாறாது, சரி. ஆனா அதோட உத்தரவு மேல ஒட்டுற குறி, நீ என்ன சாப்புடற, எப்படித் தூங்குற, எவ்ளோ நடக்கறங்கறத ஒட்டியும் மாறும்னுதான் தெரிய வருது. எது எவ்ளோ மாறும்னு தெரிஞ்சிக்கத்தான் ஒன் ரத்தத்தையும் கேட்டோம். ஆனா எல்லையில நிக்கறவங்க எடையக் கொறச்சி, நடந்து, சாப்பாட்டப் பாத்துக்கிட்டா நிறைய பேரு திரும்பி வர்றாங்க. அதுக்கு எங்க ஆய்வு முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம். அது இப்பவே தெரிஞ்ச விஷயம்.”

எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்ததையும் சொன்னேன். சொல்லலாமா என்று கையேட்டில் இல்லை. சொன்னேன்.

அவள் தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, என் கண் முன்னாலேயே செல்போனை எடுத்தாள்.

“யாருக்கும்மா?”

“அவருக்குத்தான். எங்கம்மா இல்லன்னு சத்தியம் பண்ணும். அவங்க சித்தி இருக்குன்னு சத்தியம் பண்ணும். நடுவுல நான் ஏன் வாயில்லாம உக்காந்திருக்கணும்?”

“இன்னிக்கே வேணுமா? வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு…”

“கேட்டா வேணாம்பாங்க.”

ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னணியில் டிப்பர்களின் உறுமல். கல் ஏற்றுவதற்கு வரிசையில் நிற்பதாகச் சதீஷ் சொன்னார். பக்கத்தில் ஆய்வுக்கார அக்கா இருப்பதைச் சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடியே சொன்னாள். சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லையில் இருக்கிறது, பார்த்து நடக்காவிட்டால் வரலாம், அப்பாவுக்கு இருந்தது. ஒரு நொடி அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“அவ்ளோதானா?” என்றார் சதீஷ்.

“அவ்ளோதான்.”

“எங்கப்பா ரொம்ப நாளா சுகர் மாத்திர போடுறாரு தேனு. எங்கம்மாவுக்கே தெரியாது. வயித்து வலி மாத்திரன்னு சொல்லி வெச்சிருக்காரு. நீ ஒரு தாளப் பாத்ததும் எனக்குப் போன் பண்ற.” மறுபடி எஞ்சின் உறுமியது. “எனக்கு இதுல ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா எங்கம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது? அதான் தெரியல.”

“என்ன சொல்லுவீங்களோ சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க” என்று வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அழுதாள். அவளுக்கு நடைப்பயிற்சி, சாப்பாடு, அரியலூரில் எந்த டாக்டரைப் பார்ப்பது, எப்போது மறுபடி சோதிப்பது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, நான் சொன்னதில் எது அதிகம், எது குறைவு என்று பெரம்பலூர் வரும்வரை கணக்குப் போட்டேன். இன்றைக்கும் முழுக்கத் தெளிவில்லை.

வாரங்கள் போயின. சேதி இல்லை. நானாகப் போன் செய்து கேட்கவும் கூடாது. அது நம் வேலை இல்லை. தேன்மொழி ஒரு தடவை மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினாள்: எடை குறைந்திருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. அந்த ‘மற்றபடி’யைப் படித்துப் படித்துப் பார்த்தேன்.

பிறகு ஆண்டிமடம் வட்டாரத்தில் முகாம் வந்தது. விவரம் கேட்கும் மேசைக்குச் சுற்றிலும் வேட்டியைக் கட்டி மறைப்புப் போட்டிருந்தோம். காலையில் முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார். ஊரையும் பெயரையும், மகன் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுவதையும் சொன்னதும் எனக்கு யாரென்று புரிந்துவிட்டது. சதீஷின் அப்பா. மறைப்புக்குள் வரச் சொன்னேன்.

“மறைப்பு எதுக்கு பாப்பா? இங்கயே கேளு.”

“இல்லைங்கய்யா, உள்ள வாங்க. தனியாத்தான் கேக்கணும்.”

“கேக்கவே வேணாம். நானே சொல்றேன்.” கூடத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்குச் சுகர் இருக்கு. ரொம்ப வருசமா மாத்திர போடுறேன். எழுதிக்க.”

வரிசையில் இரண்டு பேருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “என்னாது? ரொம்ப வருசமாவா? எங்கிட்ட வயித்து வலி மாத்திரன்னுல்ல சொன்ன?”

கூடமே சிரித்தது. பெரியவருக்குக் காது சிவந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. “வூட்டுக்கு வரப்போற பொண்ணு, கல்யாணமே நின்னு போவும்னு தெரிஞ்சும் தானா போன் போட்டுச் சொல்லுது. எனக்கு இந்த வயசுல என்னா வெக்கம்? நீதான அந்தப் பொண்ணு வேணாம்னு நிக்கிற. மொதல்ல என்னய வேணாம்னு சொல்லு.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தார். புருஷனை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார்.

“எனக்கும் எடும்மா. இருந்தா இருக்குன்னு சொல்லு. இந்தாள நான் வூட்ல போயி வெச்சிக்கிறேன்.”

ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன். கையை மடக்கிக்கொண்டு எழுந்தவர், இரண்டடி போய் நின்று திரும்பினார்.

“செந்துறப் பொண்ணு எம் பையனுக்குப் போன் போட்டப்ப நீதான் பக்கத்துல இருந்தியாம்ல? நாங்க வர்ற வெள்ளிக்கெழம அங்க வர்றோம்னு சொல்லு. வேணாம், இரு. நானே பேசுறேன். நம்பரு மட்டும் போட்டுக் குடு.”